மேயரின் வாசல் யாருடைய காணி?

இழையைத் தொடக்கிய கேள்வி, 4 மார்ச் 2023

"டவர் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மேயரின் அலுவலகமாக இருந்த பழைய சிட்டி ஹோல் மாதிரி ஒன்று இனி லண்டனுக்குக் கிடைக்காது. சூழலைக் கெடுக்காத கட்டடம், வாசலிலேயே மக்கள் கூடத் திடல், நகரத்தின் நடு. அதை விட்டுவிட்டு மேயர் கப்பல்துறைப் பக்கம் போனது பெரிய பிழை. வாடகை மிச்சம் என்பது வெறும் சாட்டு. இல்லை என்பவர்கள் வந்து சொல்லுங்கள்."

4 மார்ச், இரவு 10.40

இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கும் அந்தக் கட்டடம் பிடிக்கும். ஏசி, பம்ப், குழாய் என்று வேலை செய்து வயிறு வளர்ப்பவன். ஒரு கட்டடத்தைப் பார்த்தால் முதலில் அதன் மொட்டை மாடியில் என்ன இரைந்துகொண்டு நிற்கிறது என்றுதான் பார்ப்பேன்.

2002 ஜூலையில் மகாராணி திறந்துவைத்தார். வரைந்தது நோர்மன் ஃபோஸ்டரின் நிறுவனம், பொறியியல் அரூப். பத்து மாடி, 45 மீட்டர் உயரம். உருண்டை என்பார்கள், சரியான உருண்டையும் இல்லை. ஆற்றின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கும் தொந்தி வைத்த பெரியவர் மாதிரி இருக்கும்.

அந்தச் சாய்வு அழகுக்காக வைத்தது இல்லை. கட்டடம் தெற்கே, வெயில் வரும் பக்கம் குனிந்து நிற்கிறது. ஒவ்வொரு மாடியும் கீழே உள்ள மாடியைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியபடி இருக்கும். நம் ஊர் வீட்டுத் தாழ்வாரம் செய்யும் வேலைதான் அது. உச்சி வெயில் கண்ணாடியில் நேராக விழாது. வடக்கே ஆற்றைப் பார்த்த பக்கம் வெயிலே படாது, அதனால் அங்கே பயமில்லாமல் முழுக் கண்ணாடி. உருண்டையாக்கியதற்கும் கணக்கு இருக்கிறது. அதே கொள்ளளவுள்ள பெட்டி வடிவக் கட்டடத்தைவிட வெளிப்பரப்பு கால்வாசி குறைவு. சூடு உள்ளே வரவும் வெளியே போகவும் வழி அவ்வளவுக்குக் குறைகிறது.

கண்ணாடிக் கட்டடம் சூழலுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் பொதுவாக நான் எழும்பிப் போய்விடுவேன். இங்கே மட்டும் கொஞ்சம் இருந்து கேட்டேன்.

5 மார்ச், காலை

நேற்று முக்கியமானதை எழுத மறந்தேன். அந்தக் கட்டடத்தில் வழக்கமான பெரிய சில்லர், அதாவது தண்ணீரைக் குளிராக்கும் யந்திரம், இருக்கவில்லை. நிலத்தில் நூறு மீட்டருக்கு மேல் ஆழமாக இரண்டு குழாய்க் கிணறு. கீழே உள்ள தண்ணீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய 12 முதல் 14 பாகைக்குள் நிற்கும். அதை மேலே இழுத்து, கூரையோடு ஓடும் குழாய்களில் சுற்றவிட்டு அறைகளைக் குளிர்வித்தார்கள். வேலை முடிந்த தண்ணீர் கழிவறைக்கும் செடிகளுக்கும் போனது. ஜன்னலின் கீழே காற்றுக்குத் திறப்பு இருக்கிறது, திறந்தால் அந்த இடத்தில் குளிரூட்டல் நின்றுவிடும். உயர்தர ஏசி அலுவலகம் ஒன்று எரிக்கும் சக்தியில் கால்வாசி போதும் என்பது வடிவமைத்தவர்கள் சொன்ன கணக்கு. வடிவமைப்பவர்களின் கணக்கை நான் எப்போதும் உப்புத் தொட்டுத்தான் சாப்பிடுவேன், ஆனால் வழிமுறை நேர்மையானது.

யாழ்ப்பாணத்தில் பங்குனி வெயிலில் கிணற்றடியில் துலாவால் அள்ளித் தலையில் ஊற்றினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கேயும் சுண்ணாம்புக்கல், லண்டனுக்குக் கீழேயும் சுண்ணாம்புப் பாறைதான். வித்தியாசம் ஒன்று. நம் ஊரில் அதிகம் இறைத்தால் கிணறு உவராகும். இங்கே கதை மறுபக்கம். பழைய வடிசாலைகளும் தொழிற்சாலைகளும் மூடிய பிறகு இறைக்க ஆளில்லாமல், 1960-களிலிருந்து நகரத்துக்குக் கீழே நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. சுரங்க ரயிலுக்கும் அத்திவாரங்களுக்கும் அது தலையிடி. அப்படிப்பட்ட ஊரில் கிணற்றுத் தண்ணீரை இழுத்து ஏசிக்குக் கொடுப்பது இரண்டு பக்கமும் லாபம்.

இதை வாசித்துவிட்டுக் கொழும்பில் கண்ணாடி முட்டை கட்டப் போகாதீர்கள். அங்கே நிலத்தடித் தண்ணீர் 13 பாகையில் வராது.

5 மார்ச், மதியம்

பட்டப்பெயர்களைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: வெங்காயம், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், முட்டை, எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். முதல் மேயர் கென் லிவிங்ஸ்டன் வைத்த பெயர் ஆண்களின் உடலுறுப்பு ஒன்றைக் கண்ணாடியில் செய்தது போல. அடுத்து வந்த போரிஸ் ஜோன்சன் அதையே கொஞ்சம் மருத்துவப் புத்தக வார்த்தையில் சொன்னார். எதிரும் புதிருமான இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று. தமிழில் எழுத மாட்டேன், என் அக்காவும் இந்த இழையை வாசிக்கிறா.

11 மார்ச்

சரி, கேள்வியின் இரண்டாம் பாதி. "வாசலிலேயே மக்கள் கூடத் திடல்."

இங்கேதான் எனக்கு இடறுகிறது. அந்தத் திடல் லண்டன் மக்களுடையது இல்லை. கட்டடமும் மேயருடையதாக இருக்கவில்லை, 25 வருடக் குத்தகை. சுற்றி உள்ள முழு வளவும் மோர் லண்டன் என்ற பெயரில் ஒரு தனியார் நிறுவனம் கட்டி எழுப்பியது. 2013-இல் குவைத் அரசின் சொத்து நிறுவனம் அதை 170 கோடி பவுண்டு அளவில் வாங்கியது. நடைபாதைக் கல், நீர்த்தாரை, பள்ளத்தில் இறங்கும் படிக்கட்டு அரங்கு, எல்லாம் அந்தக் காணிக்குள்.

அந்த அரங்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்கூப் என்று பெயர், 800 பேர் வரை இருக்கலாம். கோடையில் இலவச நாடகமும் படமும் போடுவார்கள். மூத்தவளுக்கு ஏழு வயதில் அங்கே ஒரு கிரேக்க நாடகம் காட்டினேன். அவளுக்கு நினைவிருப்பது படியில் சிந்திய ஜூஸ் மட்டும். எனக்கு நினைவிருப்பது, நாடகம் முடிந்து ஆட்கள் எழும்பிய உடனேயே சீருடைக்காரர் ஒருவர் வந்து அந்த இடத்தைத் துடைத்த வேகம். அப்போது "என்ன துப்புரவு" என்று வியந்தேன். மேயர் நல்லாகத்தான் வைத்திருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னதும் நினைவு. மேயருக்கும் அந்தத் துடைப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிய எனக்குப் பல வருடம் எடுத்தது.

லண்டன் அசெம்பிளி, அதாவது மேயரைக் கேள்வி கேட்கும் மன்றம், அதன் உறுப்பினர்கள் தங்கள் அலுவலக வாசலில் நின்று தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுப்பதென்றாலும் காணிக்காரரின் அனுமதி வேண்டியிருந்தது என்று பத்திரிகைகளில் வந்தது. தேர்தலில் வென்று உள்ளே இருப்பவருக்கே இந்த நிலை. பதாகை பிடித்து வருபவரை யோசியுங்கள்.

அந்த ஆற்றங்கரை முழுவதும் தனியார் காணி. அங்கே மக்களுக்கென்று ஒரு சாண் கிடையாது.

12 மார்ச்

நேற்றைய கடைசி இரண்டு வரியை வாபஸ் வாங்குகிறேன். ஒருவர் திருத்தினார், அவர் சொன்னது சரி. சிட்டி ஹோலுக்கும் டவர் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள புல்வெளி பொட்டர்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்கா. அது பொதுப் பூங்கா, ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. கல் பதித்தது காணிக்காரருடையது, புல் முளைத்தது நம்முடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2003-இல் டேவிட் பிளேன் என்ற அமெரிக்க வித்தைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் 44 நாள் சாப்பிடாமல் தொங்கியதும் அந்தப் பூங்காவில்தான். சனம் கீழே நின்று முட்டை எறிந்தது. பேர்கர் ஒன்றை ஆளில்லா விளையாட்டு ஹெலிகொப்டரில் கட்டி முகத்துக்கு நேரே பறக்கவிட்டார்கள். பின்னால் மேயரின் கண்ணாடி முட்டை, முன்னால் பட்டினி கிடக்கும் மனிதன், நடுவில் கோழிமுட்டை எறியும் சனம். அந்தத் திடல் பார்த்த உண்மையான மக்கள் கூட்டம் அதுதான் என்றால் கோபிக்காதீர்கள்.

18 மார்ச்

"காணி யாருடையது என்றால் என்ன, போய் இருக்க விடுகிறார்கள்தானே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இருக்க விடுவார்கள். எப்படி இருக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். லண்டனில் வேறொரு தனியார் சதுக்கம், சிட்டி ஹோல் பக்கம் இல்லை. வேலை முடிந்து நானும் இரண்டு கூட்டாளிகளும் கல் இருக்கையில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். பக்கத்தில் கருவிப்பெட்டி, தூசி படிந்த உடுப்பு. காவலாளி வந்தார். அவரும் நம் பக்கத்து முகம்தான், குரல் மட்டும் அவருடையது இல்லை. இங்கே "சமைத்த உணவு" கூடாது என்றார். எதிர் இருக்கையில் கோட் போட்ட ஒருவர் பெட்டியில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அதைக் காட்டினேன். காவலாளி அதைப் பார்க்கவில்லை, என் கருவிப்பெட்டியைப் பார்த்தார். விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அலுவலகத்தில் இருக்கிறது என்றார். அலுவலகம் எங்கே? ஐந்து மணிக்கு மூடிவிட்டது.

எழும்பிப் போனோம். அவரோடு சண்டை பிடித்து என்ன, அவரும் மணிக்கணக்குச் சம்பளக்காரர்.

இதை எழுதும்போதே யோசிக்கிறேன்: ஒரு மாநகரசபைப் பூங்காவிலும் இதே நடக்கலாம். நடந்தும் இருக்கிறது. ஆனால் அங்கே விதி பலகையில் இருக்கும், கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பார், அடுத்த தேர்தலில் அவர் என் படலையைத் தட்டுவார்.

19 மார்ச், அதிகாலை. நித்திரை வரவில்லை

கூடுவது என்ற சொல்லை நேற்று முழுவதும் உருட்டிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் உண்மையில் கூடிய இடம் சிட்டி ஹோல் வாசல் இல்லை.

2009 ஏப்ரல். வன்னியிலிருந்து வந்த செய்திகள் ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிட மோசம். பாராளுமன்றச் சதுக்கத்தில் 73 நாள் நின்றோம். நான் 73 நாளும் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். இரவு வேலை முடித்து விடிய வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கி, மதியம் வரை நின்று, வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் படுத்து, திரும்ப வேலை. புல் முதல் வாரத்திலேயே சேறாகிவிட்டது. ஆச்சிமார் சேறு படாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். பிரையன் ஹோ என்ற வெள்ளைக்காரர் ஈராக்குக்காக 2001-லிருந்து அதே சதுக்கத்தில் கூடாரம் போட்டு இருந்தவர், எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். அந்த இடத்தில் எங்களைவிட அவர் பழைய குடி.

பிறகு எப்போதோ படித்துத்தான் அறிந்தேன். அந்தச் சதுக்கத்தின் புல்வெளி முடிக்குரிய நிலம், ஆனால் பராமரிப்பும் கட்டுப்பாடும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லண்டன் பெருநகர ஆணையத்திடம். சொல்லப்போனால் மேயரிடம். டிராஃபால்கர் சதுக்கமும் அப்படித்தான். ஆக மேயரின் கையில் இரண்டு பெரிய திடல் இருந்தன. இரண்டும் அவருடைய அலுவலகத்திலிருந்து மைல் கணக்கில் தள்ளி. அவருடைய அலுவலக வாசல் மட்டும் அவர் கையில் இல்லை.

இதை முதலில் படித்தபோது சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

19 மார்ச், மாலை

விடிய எழுதியதை வாசித்தால் பொதுக்காணி என்றால் தங்கம் என்று நான் சொல்வது போல இருக்கிறது. அப்படியில்லை. 2010 ஜூலையில் அதே பாராளுமன்றச் சதுக்கத்தில் ஜனநாயகக் கிராமம் என்று கூடாரம் போட்டவர்களை வெளியேற்றியது மேயர் அலுவலகம்தான். 2011-இல் வந்த சட்டம் அங்கே கூடாரமும் படுக்கையும் கூடாது என்றது. பொது நிலத்திலும் விரட்டுவார்கள்.

ஆனால் எப்படி விரட்டினார்கள்? வழக்குப் போட்டு. நீதிபதி முன்னால் காரணம் சொல்லி. மற்றப் பக்கமும் மேன்முறையீடு வரை போனது. எல்லாம் பதிவில் இருக்கிறது, இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். 2011 அக்டோபரில் பங்குச்சந்தைக்கு முன்னால் போராடக் கூடியவர்களுக்கு என்ன நடந்தது? பங்குச்சந்தை இருக்கும் பேட்டர்னோஸ்டர் சதுக்கம் தனியார் காணி. தடையுத்தரவை முன்கூட்டியே எடுத்து வாசலை அடைத்துவிட்டார்கள். சனம் பக்கத்தில் செயின்ட் போல்ஸ் தேவாலயப் படியில் போய் இருந்தது. கடவுளின் காணியில் இடம் கிடைத்தது, பணத்தின் காணியில் கிடைக்கவில்லை என்று அப்போது நாங்கள் பகிடி விட்டோம். சில மாதத்தில் தேவாலயப் படியிலிருந்தும் எழுப்பினார்கள், பகிடி பாதிதான் சரி.

அதே 2011-இல் லண்டன் அசெம்பிளி, பொது இடங்கள் தனியார் கைக்குப் போவது பற்றிக் கவலைப்பட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையை எழுதிய ஆட்கள் தினமும் வேலைக்கு நடந்து போன பாதை எது என்று கேட்காதீர்கள்.

2 ஏப்ரல்

இரண்டு கிழமை எழுதவில்லை. ஹரோவில் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக் கொதிகலன் என்னைத் தின்றுவிட்டது.

இந்த இடைவெளியில் அம்மாவோடு தொலைபேசியில் கதைத்தேன். சங்கடப்படலை பற்றிச் சொன்னா. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக: பழைய வீடுகளில் படலைக்கு மேலே சின்னக் கூரை, இரண்டு பக்கமும் திண்ணை. தெருவால் போகிறவர் மழைக்கோ வெயிலுக்கோ வந்து இருக்கலாம். சில வீட்டில் குடிக்கத் தண்ணீர்ப் பானையும் இருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்கத் தேவையில்லை. காணி முழுக்கத் தனியார் காணி. உறுதியில் வீட்டுக்காரர் பெயர்.

இது என் வாதத்தின் காலை வாருகிறது. மார்ச் 11-இல் நான் எழுதியதன்படி பார்த்தால் சங்கடப்படலை மோர் லண்டன்தான்.

யோசித்துப் பார்த்தேன். சாதி பார்த்து எழுப்பிய திண்ணைகளும் இருந்திருக்கும், அந்தக் காலத்தை வெள்ளையடிக்க மாட்டேன். ஆனாலும் அது காணிக்காரர் வழக்கத்துக்குப் பயந்த இடம். வழிப்போக்கரை எழுப்பினால் ஊர் கதைக்கும். அந்தப் பயம் வேலை செய்வதற்குக் காணிக்காரர் அதே ஊரில் இருக்க வேண்டும். குவைத்தில் இருப்பவரைப் பற்றி, பழைய சிட்டி ஹோல் பக்கத்து பேர்மொண்ட்சியில் யார் கதைத்து என்ன ஆகப்போகிறது?

அப்படியென்றால் பிரச்சினை தனியார் என்பதிலா, தூரம் என்பதிலா? எனக்கு இன்னும் தெளிவில்லை. யாராவது அடித்துப் போடுங்கள்.

3 ஏப்ரல்

யாரும் அடிக்கவில்லை. கவுன்ட்டி ஹோல் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தடியில், பாராளுமன்றத்துக்கு நேர் எதிரே, 1922-லிருந்து லண்டனின் நகர மன்றம் அதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் லிவிங்ஸ்டன் அதன் கூரையில் வேலையில்லாதோர் தொகையை எழுதிப் பெரிய பலகை வைத்தார், பிரதமர் தாட்சர் ஜன்னலால் பார்க்கட்டும் என்று. 1986-இல் தாட்சர் மன்றத்தையே கலைத்துவிட்டார். கட்டடம் விற்கப்பட்டது. இப்போது அதற்குள் ஹோட்டலும் மீன்காட்சியகமும். மகளை சுறா காட்டக் கூட்டிப்போனேன். நகரசபை இருந்த இடத்தில் சுறா என்றால் பகிடி தானாக வரும், நான் விடவில்லை.

2000-இல் மேயர் பதவி வந்தபோது அவருக்கு வீடே கிடையாது. முட்டை கட்டி முடியும்வரை மார்ஷம் தெருவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருந்தார்கள். பிறகு குத்தகை. லண்டன் நகரசபை தன் சொந்தக் கூரையின் கீழே இருந்தது அந்தக் கவுன்ட்டி ஹோலில்தான். வாடகைக்கு இருந்தவர் கூரையில் தாட்சருக்குப் பலகை வைத்திருக்க முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

10 ஏப்ரல்

இப்போது புது இடம். தொடக்கக் கேள்வி இதைத்தான் "பெரிய பிழை" என்கிறது.

கணக்கு இதுதான். குத்தகையில் 2021 டிசம்பரில் விலக ஒரு வாய்ப்பு இருந்தது. கொரோனாவால் வருமானம் விழுந்த 2020-இல் மேயர் சாதிக் கான் அதைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருடத்தில் 6 கோடியே 10 லட்சம் பவுண்டு மிச்சம் என்றார்கள். பழைய இடத்தில் வருட வாடகையே ஒரு கோடிக்கு மேல். இதைச் சாட்டு என்று தள்ள எனக்கு மனமில்லை, அது என் வரிப்பணமும்தான்.

போன இடம் ரோயல் விக்டோரியா துறையடியில் கிரிஸ்டல். சூழலுக்கு நல்லது என்ற அளவில் பார்த்தால் மேயர் இறங்கவில்லை, ஏறியிருக்கிறார். லீட் பிளாட்டினம், பிரீம் அவுட்ஸ்டாண்டிங், இரண்டு உச்சச் சான்றிதழையும் ஒன்றாக வாங்கிய கட்டடம். எரிவாயு எரிப்பதில்லை. சுமார் 17 கிலோமீட்டர் குழாயை நிலத்துக்குள் இறக்கி, குளிர்காலத்தில் அங்கிருந்து சூட்டை எடுத்து, கோடையில் சூட்டைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். முட்டையில் தண்ணீரை வெளியே எடுத்தார்கள், இங்கே தண்ணீர் குழாய்க்குள்ளேயே சுற்றும், நிலம் வங்கி மாதிரி. கூரையில் மூன்றில் இரண்டு பங்கு சூரியப் பலகை. மழைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் தண்ணீராக்குகிறார்கள், கழிவுநீரையும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மழைத் தண்ணீரைக் குடிநீராக்குவது எனக்குத் தொழில்முறையில் பொறாமை. அதற்கு அனுமதி வாங்க எவ்வளவு காகிதம் நிரப்பியிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, புதிதாக ஒன்றும் கட்டவில்லை. மேயர் கட்டிய கட்டடத்துக்கே மேயர் போய்விட்டார்.

10 ஏப்ரல், பத்து நிமிடம் கழித்து

கடைசி வரி பிழை. கிரிஸ்டலைக் கட்டியது சீமென்ஸ் நிறுவனம், 2012-இல், நகரங்களைப் பற்றிய கண்காட்சிக்காக. வரைந்தது வில்கின்சன் அயர். பிறகு பெருநகர ஆணையத்தின் சொத்தாக வந்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன், இலவசம் என்பதால். தொடுதிரைகளில் தங்கள் நகரத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். சின்னவன் எல்லா இடத்திலும் ரயில்பாதை போட்டான், வீடு வைக்க இடமில்லை.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: கூரை இப்போது மேயருடையது. கவுன்ட்டி ஹோலுக்குப் பிறகு முதல் முறையாக லண்டன் நகரசபை வாடகைக்காரர் இல்லை.

15 ஏப்ரல்

"சரி, சொந்த வீடு. ஆனால் அங்கே யார் போவார்?" என்று தொடக்கியவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். இது நல்ல அடி.

டவர் பிரிட்ஜ் பக்கம் ஒரு நாள் நின்றால் உலகமே நடந்து போகும். யாரும் மேயரைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, ஆனாலும் கண்ணில் படும். கிரிஸ்டலுக்கு வேலை இருப்பவர் மட்டும்தான் போவார். கம்பியில் தொங்கும் கார் ஒன்று பக்கத்தில் ஏறுகிறது, சுற்றுலாக்காரர் அதில் ஏறி ஆற்றைத் தாண்டிவிடுகிறார்கள். ஆயிரம் பேர் பதாகையோடு அங்கே வந்து கத்தினாலும் கேட்பது நீர்க்காகங்கள்.

பழைய இடத்தில் ஆட்கள் இருந்தார்கள், காணி நம்முடையது இல்லை. இங்கே காணி கிடைத்தது, ஆட்கள் இல்லை.

ஆனால் "நடு" என்று சொல்வதில் எனக்கு ஒரு முறைப்பாடு. யாருடைய நடு? நான் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். நியூஹாம் முழுக்க நம் ஆட்கள், வங்காளிகள், ஆபிரிக்கர்கள். எங்களுக்கு டவர் பிரிட்ஜ் ஒரு நாள் பயணம், கிரிஸ்டல் ஒரு பஸ்ஸும் கொஞ்சம் டிஎல்ஆர் ரயிலும். எலிசபெத் ரயிலும் 2022 மே-யில் கஸ்டம் ஹவுஸுக்கு வந்துவிட்டது. மேயர் எங்கள் பக்கம் குடிவந்ததை நாங்களே தூரம் என்று சொன்னால் எப்படி?

பழைய முட்டைக்கு என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: சுற்றுவட்டத்தைச் செதுக்கிப் படிப்படியாக மொட்டை மாடி விட்டுச் செடி வைக்கும் ஒரு வடிவத்தை ஜென்ஸ்லர் நிறுவனம் வரைந்திருக்கிறது. சூரியனைக் கணக்குப்போட்டு உருட்டிய கண்ணாடித் தோலை இருபது வருடத்தில் உரிக்கிறார்கள். அந்த உருக்கையும் கண்ணாடியையும் செய்தபோது போன புகையை எந்தச் சான்றிதழில் எழுதுவது? சூழலுக்கு நல்ல கட்டடம் என்றால் எனக்கு முதல் நிபந்தனை, அதில் ஆட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். இதை நான் கொதிகலன் விஷயத்தில் வாடிக்கையாளருக்குத் தினமும் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ளதைக் கழற்றிப் புதிது பூட்டாதே.

22 ஏப்ரல்

போனேன். சனிக்கிழமை, காற்று, வெயில். கட்டடம் பூட்டு.

நிலையத்திலிருந்து வந்தால் தெருப் பெயர்ப் பலகை: கமால் சஞ்சி வே. பழைய பெயர் சீமென்ஸ் பிரதர்ஸ் வே. இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பலகையின் கீழே நின்று தேடினேன்.

ஆள் நம் தீவு. 1886-இல் கண்டியில், மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையில் சண்டை பிடித்தார். இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவராகி மெதடிஸ்ட் போதகரானார். இந்தத் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து இறங்கிய ஆபிரிக்க, ஆசிய, மேற்கிந்தியக் கடலோடிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் எங்கும் இடமில்லை, விடுதிக்காரர் கதவைச் சாத்துவார்கள். அவர்களுக்காக 1926-இல் கேனிங் டவுனில் ஒரு மன்றம் திறந்தார். வந்து இருக்கலாம், சாப்பிடலாம், பிள்ளைகளுக்கு நத்தார் விருந்து. 1930-இல் அது இடிபட்டது. வீதி அகலப்படுத்த வேண்டியிருந்ததாம்.

கூடுவதற்கு ஓர் இடம் திறந்து, அதை ரோட்டுக்குப் பறிகொடுத்த மனிதரின் பெயரை இப்போது நகரசபைக்குப் போகும் ரோட்டுக்கே வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தார்களா, தற்செயலா, பலகையில் போட்டிருக்கவில்லை.

துறையடியில் ஓர் இருக்கையில் இருந்தேன். ஃபிளாஸ்கைத் திறந்தேன், பாணும் சம்பலும். ஒருவரும் வந்து கேட்கவில்லை. ஒருவருமே இல்லை என்பதும் காரணம்.

23 ஏப்ரல்

ஏப்ரல் 2-இல் நான் விட்ட கேள்விக்கு, தனியாரா தூரமா என்பதற்கு, என் மகள் ஒரு பதில் சொன்னாள். வயது இருபத்தொன்று, எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். "அப்பா, உங்களை எழுப்பினால் நீங்கள் யாரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று தெரிந்தால் அது பொது இடம். தெரியாவிட்டால் இல்லை." கவுன்சிலர் என்று மார்ச் 18-இல் நான் எழுதியதைத்தான் சுருக்கித் தந்திருக்கிறாள் என்றேன். நீங்கள் எழுதியது நூறு வரி என்றாள்.

அவள் சொன்னபடி பார்த்தால் கிரிஸ்டல் பக்கம் எனக்குச் சண்டை பிடிக்க ஆள் இருக்கிறது, முகவரியோடு. இனி அங்கே சண்டைக்கு ஒரு காரணமும் கூட்டமும் வேண்டும்.

மேயரிடம் அசெம்பிளி கேள்வி கேட்கும் நாளில் பொதுமக்கள் பார்வையாளராக உள்ளே இருக்கலாம். தொடக்கியவர் வருகிறேன் என்று தனிச்செய்தி போட்டிருக்கிறார். அவர் இன்னும் பெரிய பிழை என்றுதான் சொல்கிறார், சொல்லட்டும். நான் ரோயல் விக்டோரியா நிலையத்தடியில் ஒன்பதரைக்கு நிற்பேன். மற்றவர்களும் வாருங்கள். துறையடிக் காற்றுக்குக் காதை மூட ஏதாவது கொண்டுவாருங்கள், தேத்தண்ணி என் பொறுப்பு. சீனி வேண்டாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.